உங்கள் உடம்புக்குச் சைக்கிளைப் பொருத்துவது எப்படி

ஒரு மணி நேரம் ஓட்டினால் உள்ளங்கை மரத்துப்போகிறது என்று கைப்பிடிக்குப் பஞ்சுறை மாட்டுவார்கள். பின்புறம் வலிக்கிறது என்று சீட்டுக்கு ஜெல் உறை போடுவார்கள். நாலு நாள் இதமாக இருக்கும், பிறகு வலி திரும்பி வந்துவிடும். சைக்கிளில் வலிக்கிற இடம் ஒன்று, அந்த வலி பிறக்கிற இடம் வேறொன்று. உள்ளங்கை மரத்துப்போவதற்குச் சீட்டின் மூக்கு கீழே சரிந்திருப்பது காரணமாக இருக்கலாம். கழுத்து பிடித்துக்கொள்வதற்கு, சீட்டைப் பின்னுக்குத் தள்ளியதால் கை எட்டாமல் போனது காரணமாக இருக்கலாம். அதனால் வலிக்கிற இடத்தை விட்டுவிட்டுக் காலில் தொடங்குங்கள். முதலில் பாதம், அடுத்து சீட்டின் உயரம், பிறகு சீட்டின் முன்பின் நகர்வு, சாய்வு, கடைசியில்தான் ஹேண்டில்பார். இந்த வரிசை புரண்டால், இப்போது செய்கிற திருத்தம் முன்பு செய்ததைக் கெடுத்துவிடும்.

4, 5, 6 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி) போதும். பழைய பாணி சைக்கிள் என்றால் 13, 14 மி.மீ. ஸ்பேனரும் தேவைப்படும். அளவு நாடா, ரசமட்டம், இன்சுலேஷன் டேப், நூலில் கட்டிய ஒரு கனமான நட்டு ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு செய்கிற வேலையை அந்த நட்டு செய்துவிடும். எந்த போல்ட்டையும் தளர்த்துவதற்கு முன் இப்போதைய அளவுகளைக் குறித்து வையுங்கள்: கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட்டின் மூக்கிலிருந்து ஹேண்டில்பாரின் நடு வரை, தரையிலிருந்து சீட்டும் ஹேண்டில்பாரும் இருக்கும் உயரம். திருத்தம் சரிவரவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப வழி வேண்டும். இதைச் செய்யாமல் ஆரம்பித்தவர்கள்தான் கடைசியில் எங்கே தொடங்கினோம் என்றே தெரியாமல் நிற்பார்கள்.

ஃபிரேம் பற்றி ஒரு சொல். சீட்டுக்கு முன்னால், மேல் குழாயின் இருபுறமும் கால் வைத்து நில்லுங்கள். குழாய்க்கும் கவட்டைக்கும் நடுவே குறைந்தது 2 முதல் 3 செ.மீ. இடைவெளி வேண்டும். மலைப்பாதை சைக்கிளுக்கு 5 செ.மீ.க்கு மேல் இருப்பது நல்லது. குழாய் இடிக்கிறது என்றால் ஃபிரேம் பெரியது, அதற்கு மேற்கொண்டு எந்தத் திருத்தமும் உதவாது. ஆனால் இடிக்கவில்லை என்பதாலேயே ஃபிரேம் சரி என்றும் ஆகிவிடாது. மேல் குழாய் பின்பக்கம் சரிந்து இறங்கும் இன்றைய ஃபிரேம்களில் இந்தச் சோதனை நீளத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

பாதம்

பெருவிரல் பாதத்தோடு சேருகிற இடத்தில் பக்கவாட்டில் ஓர் எலும்பு புடைத்திருக்கும். பாதத்தின் அந்த அகலமான பகுதி பெடலின் அச்சுக்கு மேலே வரவேண்டும். அச்சு அதற்கு 5 முதல் 10 மி.மீ. பின்னால் இருந்தாலும் பரவாயில்லை, கெண்டைக்காலுக்கு அது ஓய்வுதான். நடுப்பாதத்தால் மிதிக்கும் பழக்கம் உள்ளவர்கள் பலர். சீட்டு தாழ்வாக இருப்பதால் வந்த பழக்கம் அது. சீட்டை உயர்த்தியதும் பாதம் தானாகவே இடம் மாறும்.

பூட்டிக்கொள்ளும் பெடல் என்றால், ஷூவின் அடியில் இருந்து பெடலோடு பூட்டும் துண்டான கிளீட்டின் கோணத்தையும் பார்க்க வேண்டும். உயரமான மேசையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, கிளீட்டும் அந்தக் கோணத்திலேயே இருக்கட்டும். பார்க்க அழகாக இருக்கிறது என்று நேராக வைத்தால், பாதம் அடையும் திருகலை முழங்கால் வாங்கிக்கொள்ளும். முழங்காலின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ மட்டும் வலித்தால் முதலில் கிளீட்டைச் சந்தேகப்படுங்கள்.

சீட்டின் உயரம்

பெரும்பாலான சைக்கிள்களில் சீட்டு தாழ்வாகவே இருக்கிறது. உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். சீட்டின் உயரத்தை நிர்ணயிப்பது பெடல். தரைக்கு அதில் பங்கில்லை. கிராங்க் அச்சு தரையிலிருந்து ஏறத்தாழ 27 செ.மீ. மேலே இருக்கிறது. பெடல் அடியில் வரும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும் என்றால், சீட்டில் உட்கார்ந்தபடி தரையில் நுனிவிரல் மட்டுமே படும். நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி, ஒரு காலை ஊன்றிக்கொள்வதுதான் முறை. இந்தப் பழக்கம் வரும்வரை புதிதாக ஓட்டுகிறவர்கள் சீட்டைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாம். பழகிய பிறகும் அப்படியே விட்டால் முழங்கால் அதற்கான விலையைக் கொடுக்கும்.

எளிய வழி குதிகால் சோதனை. சைக்கிளைச் சுவரை ஒட்டி நிறுத்தி, வழக்கமாகப் போடும் செருப்பு அல்லது ஷூவோடு ஏறி உட்காருங்கள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். குதிகாலைப் பெடல் மேல் வைத்துப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். கிராங்க், சீட் குழாயின் (சீட்டின் தண்டு இறங்கும் ஃபிரேம் குழாய்) நேர்கோட்டில் வந்து நிற்கும்போதுதான் பெடல் சீட்டிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிறது. சரியாகச் செங்குத்தாகக் கீழே பார்க்கும் நிலை அதுவல்ல, அதற்குச் சற்று முன்னால். அந்த இடத்தில் முழங்கால் முழுக்க நிமிர்ந்து, குதிகால் பெடலைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். முழங்கால் மடங்கியே இருந்தால் சீட்டு தாழ்வு. தொடுவதற்காக இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் உயரம் அதிகம். இரண்டு காலாலும் செய்து பாருங்கள். ஒரு கால் மற்றதைவிடச் சில மில்லிமீட்டர் குட்டையாக இருப்பது சாதாரணம். அப்படியானால் குட்டைக் காலுக்கு ஏற்றபடி உயரத்தை வையுங்கள்.

இப்போது பாதத்தை அதன் சரியான இடத்துக்கு மாற்றினால் முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கி நிற்கும். சரிபார்க்க விரும்பினால் போனை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் சில மீட்டர் தள்ளி வைத்து வீடியோ எடுங்கள். இடுப்பின் பக்க எலும்பு, முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்கால் ஆகிய மூன்றிலும் டேப் துண்டு ஒட்டினால் கோணத்தை அளப்பது சுலபம். ஓட்டிக்கொண்டிருக்கும்போது எடுத்த படத்தில் மடக்கு சில டிகிரி கூடுதலாகவே தெரியும். ஓடும் பாதம் நிற்கும் பாதத்தைப் போல இருப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டு அழுத்துகிற அளவுக்கு மேலே இழுத்துப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் கவட்டை உயரம் கிடைக்கும். அதை 0.883 ஆல் பெருக்கினால் வருவது கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையிலான நீளம். கவட்டை உயரம் 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. இன்னொரு பழைய சூத்திரம், கவட்டை உயரத்தின் 109 சதவீதத்தை அடியில் நிற்கும் பெடலின் அச்சிலிருந்து சீட்டு வரை அளக்கச் சொல்கிறது. அதே 80 செ.மீ.க்கு 87.2 வரும். 17 செ.மீ. கிராங்கைக் கழித்தால் 70.2. இரண்டுக்கும் வித்தியாசம் 4 மி.மீ.தான். எந்தச் சூத்திரமும் ஷூவின் அடித்தட்டு, பெடலின் தடிமன், சீட்டு அமுங்கும் அளவு ஆகியவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே அந்த எண்ணில் தொடங்குங்கள், அதிலேயே நின்றுவிடாதீர்கள்.

கடைசித் தீர்ப்பைச் சாலைதான் சொல்லும். பின்னால் ஒருவரை வரச்சொல்லி உங்கள் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட்டின் உயரம் அதிகம். 3 மி.மீ. இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கும் தண்டு) உயர்த்தும்போது அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச நுழைவுக் கோட்டை மறக்க வேண்டாம். அந்தக் கோடு வெளியே தெரிகிற அளவுக்கு உயர்த்தினால் போஸ்ட் வளையும், இல்லையேல் ஃபிரேமின் குழாய் பிளக்கும். இன்னும் உயரம் வேண்டும் என்றால் நீளமான போஸ்ட் வாங்குவது ஒன்றே வழி. உலோகப் போஸ்ட் என்றால் ஃபிரேமுக்குள் போகும் பகுதியில் மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் அரிப்பு பிடித்து ஒருநாள் அசையவே அசையாது. கார்பன் போஸ்ட்டில் கிரீஸ் படவே கூடாது, அதற்கென்று உராய்வுப் பசை இருக்கிறது. சரியாக முறுக்கிய பிறகும் போஸ்ட் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், மேலும் முறுக்கி போல்ட்டை உடைக்காமல் விட்டத்தைச் சோதியுங்கள். போஸ்ட்டுகள் 0.2 மி.மீ. வித்தியாசத்தில் வருகின்றன. 27.2 போகவேண்டிய இடத்தில் 27.0 போட்டால் அது வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். உயரம் முடிவானதும், ஃபிரேமின் வாய்க்கு நேராகப் போஸ்ட்டில் ஒரு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள். இறங்கியிருந்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

முன்னும் பின்னும்

இரண்டு கிராங்கும் தரைக்கு இணையாக இருக்கும்படி நிறுத்துங்கள். முன்னால் இருக்கும் காலின் முழங்கால் சில்லுக்குக் கீழே விரலால் தடவினால் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். அங்கிருந்து தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டால் அது பெடலின் அச்சைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும் என்பது வழக்கமான விதி. இந்த விதிக்குப் பெரிய உடலியல் நியாயம் எதுவும் கிடையாது. படுத்த நிலையில் ஓட்டும் சைக்கிளில் முழங்கால் பெடலுக்கு மேலே வருவதே இல்லை, இருந்தும் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் ஆவதில்லை. தொடங்குவதற்கு வசதியான ஓர் இடம் என்ற அளவுக்கு மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் முடிவு செய்ய வேண்டியது உடம்பின் எடை எங்கே நிற்கிறது என்பதைத்தான். வாகனம் இல்லாத சமதளத்தில் சற்று அழுத்தி மிதித்துக்கொண்டே, உள்ளங்கையை ஹேண்டில்பாரிலிருந்து ஒரு விரல் உயரத்துக்கு மட்டும் தூக்குங்கள். சில நொடிகளுக்கு மேலுடம்பு அப்படியே நிற்க வேண்டும். கையை எடுத்ததும் முன்னால் சரிந்தால், உங்கள் எடையைக் கைகள் சுமந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். சீட்டை 5 மி.மீ. பின்னுக்குத் தள்ளிவிட்டு மறுபடி பாருங்கள். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும், ஹேண்டில்பார் இன்னும் தள்ளிப்போகிறதே என்று. ஆனால் இடுப்பு பின்னால் போகும்போது எடை பாதத்துக்கும் சீட்டுக்கும் மாறுகிறது, கையில் பாரம் குறைகிறது. குனிந்து எதையாவது எடுக்கும்போது பின்புறத்தைப் பின்னால் தள்ளிச் சமநிலை பிடிக்கிறோமே, அதே சங்கதிதான்.

ஒன்றை நினைவில் வையுங்கள். சீட் குழாய் சாய்ந்திருப்பதால், சீட்டை 10 மி.மீ. பின்னால் நகர்த்தினால் பெடலுக்கும் சீட்டுக்குமான தொலைவு ஏறத்தாழ 3 மி.மீ. கூடும். அந்த 3 மி.மீ.யை உயரத்தில் குறைத்துவிடுங்கள். சீட்டின் அடிக்கம்பிகள் வளையத் தொடங்கும் இடத்தில் கிளாம்ப் பிடிக்கக்கூடாது, நேரான பகுதிக்குள்ளேயே நிற்க வேண்டும். வளைவில் பிடித்த கம்பி பின்னர் முறிந்துவிடும். ஹேண்டில்பார் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் இழுப்பதும் கூடாது. கை எட்டுவதைத் திருத்த, ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம் இருக்கிறது, சீட்டின் இடம் காலுக்குச் சொந்தமானது.

சாய்வு

சீட்டின் மேல் நீளவாக்கில் ஒரு தட்டையான பலகையை வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வையுங்கள். சைக்கிள் நிற்கும் தரையும் சமமாக இருக்க வேண்டும். மட்டமாக வைத்துத் தொடங்கி, தேவையென்றால் மூக்கை 1 அல்லது 2 டிகிரி கீழே இறக்கலாம். மூக்கு மேலே தூக்கியிருந்தால் மென்மையான பகுதி அழுந்தி மரத்துப்போகும். அதை அலட்சியம் செய்யக்கூடாது, அங்கே நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்குகின்றன. அதிகமாக இறக்கிவிட்டால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைத் தடுக்கக் கைகள் ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளங்கை மரத்துப்போகும் கதை பல சமயம் இங்கேதான் தொடங்குகிறது.

மட்டமாக வைத்தும் உறுத்துகிறது என்றால் சீட்டின் அகலத்தைப் பாருங்கள். கெட்டியான நாற்காலியில் நெளிவுள்ள பெட்டி அட்டையைப் போட்டு, முழங்கால்கள் சற்று உயர்ந்திருக்கும்படி உட்கார்ந்து, முன்னால் குனியுங்கள். ஒரு நிமிடம் கழித்து எழுந்தால் அட்டையில் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவை உட்காரும் எலும்புகள் பதிந்த இடம். நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி அளந்து, அதோடு 20 முதல் 25 மி.மீ. கூட்டினால் உங்களுக்கு வேண்டிய சீட்டின் அகலம் வரும். நிமிர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அகலம் தேவைப்படும். மெத்தென்ற சீட்டுதான் சுகம் என்பது அரை மணி நேரப் பயணத்துக்கு மட்டும் பொருந்தும். அதற்கு மேல் எலும்புகள் மெத்தைக்குள் அமிழ்ந்து, நடுவில் இருக்கும் மெத்தை மேலே பிதுங்கி, அழுத்தவே கூடாத இடத்தில் அழுத்தும்.

ஹேண்டில்பார்

வசதியாக ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் ஹேண்டில்பார் சீட்டுக்குச் சமமாகவோ, 2 முதல் 5 செ.மீ. உயரமாகவோ இருக்கட்டும். பிடித்து உட்காரும்போது முழங்கை லேசாக மடங்கி, தோள்கள் காதை நோக்கித் தூக்காமல் தளர்ந்திருக்க வேண்டும். முழங்கை பூட்டியதுபோல் நேராக நின்றால், சாலையின் ஒவ்வொரு பள்ளமும் நேரே கழுத்துக்குப் போய்ச் சேரும். முன்சக்கரத்தின் அச்சை ஹேண்டில்பார் மறைத்தால் நீளம் சரி என்று சொல்வார்கள். அது கண்ணின் கோணத்தைப் பொறுத்தது, நம்ப வேண்டாம்.

உயரத்தை மாற்றும் வேலை சைக்கிளின் வகையைப் பொறுத்தது. பழைய பாணியில் ஸ்டெம்மின் தண்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் குழாய்க்குள் இறங்கி, ஆப்பு ஒன்றால் இறுகியிருக்கும். மேலே உள்ள போல்ட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையில் ஒரு மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். ஆப்பு விடுபட்டதும் ஸ்டெம் தாராளமாக ஏறும், இறங்கும். போல்ட்டை முழுக்கக் கழற்றினால் ஆப்பு உள்ளே விழுந்துவிடும். இதிலும் குறைந்தபட்ச நுழைவுக் கோடு உண்டு, அதை மீறினால் ஓடும்போதே ஹேண்டில்பார் கையோடு வந்துவிடக்கூடும்.

புதிய வகையில் ஸ்டெம் ஃபோர்க் குழாயை வெளியிலிருந்து கவ்வியிருக்கும். அதன் மேலும் கீழும் வளையம் வளையமாக ஸ்பேசர்கள் இருக்கும். மேலே இருக்கும் ஸ்பேசரைக் கீழே மாற்றினால் ஹேண்டில்பார் உயரும். ஃபோர்க் குழாயை ஏற்கெனவே குட்டையாக வெட்டியிருந்தால் அதற்கு வழியில்லை, ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிப் பாருங்கள், அதிலேயே சில சென்டிமீட்டர் கிடைக்கும். திரும்பப் பூட்டும்போது வரிசை முக்கியம். முதலில் மேல் மூடியின் போல்ட்டை மெதுவாக முறுக்கி ஃபோர்க்கின் ஆட்டத்தை எடுங்கள், அதன் பிறகே ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைக்கும்போது டக்கென்று சத்தம் வந்தால் இறுக்கம் போதாது. முன்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில்பார் தானாகத் திரும்பாமல் முரண்டு பிடித்தால் இறுக்கம் அதிகம். ஃபோர்க் குழாயின் நுனி மேல் ஸ்பேசருக்கோ ஸ்டெம்முக்கோ 2 முதல் 3 மி.மீ. உள்ளடங்கி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மூடி குழாயில் முட்டி நின்றுவிடும், ஆட்டம் போகாது.

நீளம் அதிகமாகத் தோன்றினால் 10 மி.மீ. குட்டையான ஸ்டெம் போதுமான வித்தியாசம் காட்டும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் முன்தகட்டின் நாலு போல்ட்டுகளையும் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். முறுக்கும் அளவு பெரும்பாலும் அந்தந்தப் பாகத்திலேயே நியூட்டன் மீட்டரில் பொறித்திருக்கும், ஸ்டெம்முக்கு வழக்கமாக 4 முதல் 6 வரை. டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் கருவி) இல்லாதவர்கள் குட்டை ஆலன் கீயின் நுனியை இரண்டு விரலால் பிடித்து முறுக்கினால் அந்த அளவுக்குக் கிட்டத்தட்ட வரும். கார்பன் பாகங்களில் இந்த உத்தேசக் கணக்கு வேண்டாம்.

பிரேக் பிடியின் கோணத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. நேரான ஹேண்டில்பாரில் விரல்களைப் பிடிமேல் நீட்டும்போது முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வரவேண்டும். பிடி அதிகம் மேலே நின்றால் மணிக்கட்டு பின்னால் மடங்கி, அரை மணி நேரத்தில் மரத்துப்போகத் தொடங்கும். கிளாம்ப்பைத் தளர்த்தி, பிடி தரையை நோக்கி 30 முதல் 45 டிகிரி சாயும்வரை சுழற்றுங்கள். கை சிறியவர்களுக்குப் பிடி எட்டவில்லை என்றால் அதன் உள்பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும், அதை உள்ளே முறுக்கினால் பிடி ஹேண்டில்பாரை நெருங்கி வரும். அப்படிச் செய்த பிறகு பிரேக்கை முழுக்க அழுத்திப் பாருங்கள், பிடி ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது.

ஓட்டிப் பார்த்த பிறகு

ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தம், அதுவும் 3 முதல் 5 மி.மீ. மட்டும். அதோடு நாலைந்து முறை ஓட்டிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். சீட்டை ஒரேயடியாக 3 செ.மீ. உயர்த்தினால் அளவு சரியாகவே இருந்தாலும் தசைகள் முரண்டு பிடிக்கும், அதைப் பார்த்துப் பழைய உயரமே மேல் என்று திரும்பிவிடுவீர்கள்.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட்டு தாழ்வு, அல்லது அதிகம் முன்னால் இருக்கிறது. பின்பக்கம் வலித்தால் உயரம், அல்லது அதிகம் பின்னால். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையின் வெளியோரத்தில் பாரம் விழுகிறது, சீட்டின் சாய்விலிருந்து மறுபடி தொடங்கிப் பாருங்கள். கட்டைவிரல் பக்கம் மரத்துப்போனால் மணிக்கட்டு மடங்கியிருக்கும், பிரேக் பிடியின் கோணத்தைத் திருத்துங்கள். பாதம் மரத்துப்போவதற்குச் சைக்கிளைத் திட்டுவதற்கு முன் ஷூவின் பட்டையைத் தளர்த்துங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கை அதிர்கிறது என்றால் டயரில் காற்று தேவைக்கு மேல் இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் பெரிய எண் உச்ச வரம்பு, அந்த அளவுக்கு நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

திருத்தங்களுக்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் வலி குறையாமல் இருந்தாலோ, ஓட்டாத நேரத்திலும் மரத்துப்போதல் தொடர்ந்தாலோ ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எல்லாம் சரிவந்துவிட்டது என்றால், முதல் நாள் எழுதிய அளவுகளுக்குப் பக்கத்திலேயே புது அளவுகளையும் எழுதி வையுங்கள். சீட்டு மாற்றும்போதும், வேறு சைக்கிள் வாங்கும்போதும், யாராவது இரவல் வாங்கிச் சீட்டை இறக்கிவிட்டுத் திருப்பித் தரும்போதும் அந்தத் தாள் தேவைப்படும்.